கை நனைக்காமல் வந்தவர்கள்

1

கேக்கைத் தின்றுவிட்டுத் திட்டினாள் ஒருத்தி. இதை எழுத உட்கார்ந்ததற்கு அவள்தான் காரணம்.

நாங்கள் இருப்பது கனடாவில் ஒரு நடுத்தரமான நகரம். என் வீட்டுக்காரர் கோவைப் பட்டறையில் லேத் ஓட்டியவர். இங்கேயும் இரும்போடுதான் வேலை. நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காய் நறுக்குகிறேன், தட்டுக் கழுவுகிறேன். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். ஊரில் இருந்தபோதும் அப்படித்தான். இங்கே வந்த பிறகு, பேசாததற்கு மொழி தெரியவில்லை என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடிகிறது.

மகள் ஹரிணி பதினொன்றாம் வகுப்பு. ஏதாவது ஒரு பொதுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பேச வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நகரத்தின் சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குப் போவதாகச் சொன்னாள். பனி கொட்டிக்கொண்டிருந்ததால் நானும் கூடப் போனேன்.

குழு என்றால் பெரிய ஆட்கள் யாருமில்லை. ஓய்வு பெற்ற டீச்சர், சைக்கிள் கடைக்காரர், இந்த மாதிரி உள்ளூர்க்காரர்கள். நகர மன்றத்துக்கு இவர்கள் யோசனை சொல்லலாம். மன்றம் கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். அன்றைக்கு முதலில், இலை ஊதித் தள்ளும் இயந்திரத்தின் சத்தத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. அறையின் பின்பக்கம் ஒரு மேசையில் காப்பியும், தலைவியம்மா தன் வீட்டில் செய்து கொண்டுவந்த வாழைப்பழக் கேக்கும் இருந்தன.

என் வயதுள்ள ஒரு பெண் அந்த மேசைக்குப் போனாள். ஒரு துண்டு தின்றாள். "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று தலைவிக்குச் சைகை காட்டிவிட்டு இன்னொரு துண்டும் எடுத்தாள். விரலை நக்கினாள். பிறகு நேராக மைக்குக்குப் போய்க் கத்தத் தொடங்கினாள். சாலையில் தூவுவதற்காக நகரம் குவித்து வைத்திருக்கும் உப்பு கரைந்து, அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் கலக்கிறதாம். மீன் இல்லை, தவளை இல்லை. "மூன்று குளிர்காலமாகச் சொல்கிறேன், நீங்கள் தலையாட்டிப் பொம்மைகள்" என்றாள். கேக் செய்த அம்மாவின் முகத்துக்கு நேராக!

தலைவியம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்ததும், மிச்சமிருந்த கேக்கைக் காகிதத்தில் சுற்றி அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டு போனாள்.

 காரில் வரும்போது ஹரிணியிடம் கேட்டேன்: "ஏங்கண்ணு, அவங்க செஞ்சதைச் சாப்பிட்டுப்போட்டு அவங்களையே எப்படித் திட்டறா?"

"உப்பு மேலதானம்மா கோவம்? கேக் மேலயா கோவம்?" என்றாள் ஹரிணி.

அவளுக்குப் புரிய வைக்க முடியவில்லை. புரிய வைக்க வேண்டுமானால் போன வருஷம் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

எங்கள் ஊர் கோவைக்கு வெளியே இருந்தது. இப்போது நகரம் அதைத் தொட்டுவிட்டது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. என் தங்கை பூங்கொடி இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள்.

அப்பா போன பிறகு தோட்டத்தை அவளும் அவள் வீட்டுக்காரர் சுப்பிரமணியும்தான் பார்க்கிறார்கள். தோட்டத்தை ஒட்டிப் பள்ளம் ஓடுகிறது. மழைத் தண்ணீர் போகிற ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம். அதற்கு மேற்கே எங்கள் பெரியப்பா மகன் துரைசாமி அண்ணனின் மேட்டுக்காடு, மானாவாரி நிலம். அந்தக் காட்டைத்தான் அண்ணன் கழிவுநீர் லாரிகளுக்கு விட்டிருந்தார். நகரத்து அடுக்குமாடிகளில் உறிஞ்சிய கழிவை லாரிகள் கொண்டுவந்து அங்கே திறந்துவிடும். அது பள்ளத்தில் இறங்கும். பள்ளத்திலிருந்து கிணற்றுக்கு வர ரொம்ப தூரமில்லை.

அப்பாவின் வருஷத் திதிக்கு நான் போனபோது கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேலே எண்ணெய் மினுக்கம். மாடுகளுக்கு அதைக் காட்டினால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. தங்கை விலைக்குத் தண்ணீர் வாங்கி மாட்டுக்கு ஊற்றுகிறாள். ஆறு கறவை மாடுகளில் இரண்டைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிவிட்டிருந்தாள். மிச்சமும் போய்விட்டால் அந்தத் தோட்டத்தில் அவர்களுக்கு வேலையே இல்லை.

அவள் மகன் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலையில், அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். "உங்க கட்டடத்து லாரி எங்க போய்க் கொட்டுதுடா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மெயின்டனன்ஸ்காரங்க பாத்துக்குவாங்க பெரியம்மா" என்றான்.

அவன் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திதிக்கு மறுநாள் துரைசாமி அண்ணன் தன் சம்சாரத்தோடு வீட்டுக்கு வந்தார். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி.

"ஏனுங்க அம்மணி, கனடாவுல குளுரு நெம்பவா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு சுப்பிரமணியைப் பார்த்து, "மாப்பிள்ளை, வர்ற வெள்ளிக்கிழமை நம்ம மண்டபத்துல ஒரு கூட்டமுங்க. காட்டுல கழிவுநீர் மையம் ஒண்ணு முறைப்படி வைக்கறதுக்கு அனுமதி கேட்டிருக்கறனுங்க. நகரத்துச் சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழு வந்து ஊர்க்காரங்ககிட்டக் கருத்துக் கேக்கறாங்க. குடும்பத்தோட வந்துபோடோணும். காலையில டிபன் நம்மளுதுதான்" என்றார்.

யார் மேல் புகார் சொல்ல வேண்டுமோ, அவர் மண்டபத்திலேயே கூட்டம். அவர் வீட்டு டிபன். அவரே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார். இதில் தப்பு இருக்கிறது என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தங்கை தட்டை எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த அழைப்பை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

3

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். ஒருவரோடு மனஸ்தாபம் என்றால் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க மாட்டோம். போவோம். உட்காருவோம். மொய் வைப்போம். கை நனைக்காமல் எழுந்து வந்துவிடுவோம். சண்டை போடுவதைவிடப் பெரிய விஷயம் அது. அந்த வீட்டுக்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வாய்க்கால் தகராறில் அப்பா ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் அப்படி எழுந்து வந்தார். மறுநாள் காலையில் அந்தப் பங்காளியே மண்வெட்டியோடு வந்து, அடைத்திருந்த வாய்க்காலை வெட்டிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கூட்டத்தன்று பெண்கள் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பந்தியில் இட்லி, பணியாரம், எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகை தேங்காய்ப்பாலோடு, கேசரி. பள்ளத்து ஓரமாக இருக்கிற பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்தோம். நேராகக் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தோம். பந்திப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமாத்தாக்கா, "சந்தகை வாசம் ஆளைத் தூக்குதுடி" என்றாள்.

"கொஞ்ச நேரம் இருங்கக்கா. காத்துத் திரும்புனா பள்ளத்து வாசம் வரும், அப்ப பசி போயிரும்" என்றாள் தங்கை.

துரைசாமி அண்ணனின் சம்சாரம் வந்தார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். "ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு வந்து உக்காரு கண்ணு" என்று தங்கையின் கையைப் பிடித்தார்.

"பரவால்லீங்க நங்கை. பசியில்லீங்க."

"கேசரியாச்சும்?"

"பசியில்லீங்க."

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். நங்கையின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்டபமே பந்தியில் கை நிறுத்தி எங்களைப் பார்த்தது. ஊரில் ஒரு குழந்தைக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியும்.

குழுவினர் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். தலைவர் படித்தவர், வெளியூர்க்காரர். மைக்கைப் பிடித்து, "இந்த மக்களின் ஆர்வத்தைப் பாருங்கள்! காலை உணவைக்கூட மறந்துவிட்டு நமக்கு முன்னால் வந்து அமர்ந்திருக்கிறார்கள்!" என்றார். சிலர் கை தட்டினார்கள்.

பிறகு, "ஆட்சேபணை இருப்பவர்கள் பேசலாம்" என்றார்.

யாரும் எழவில்லை. இரண்டாம் முறையும் கேட்டார். நான் தங்கையைப் பார்த்தேன். "அதுதான் சொல்லியாச்சேக்கா" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போனோம். ராமாத்தாக்கா போகிற வழியிலேயே பழைய சோற்றுக்கு வெங்காயம் உரிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கு அண்ணன் வந்து பேசுவார், லாரி நின்றுவிடும் என்றே எல்லோரும் நம்பினோம்.

அடுத்த வாரம் குழுவின் அறிக்கை வந்தது. ஊர் மக்களிடம் ஆட்சேபணை எதுவுமில்லை, பொதுமக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டார்கள், அனுமதி கொடுக்கலாம்.

4

குழுவில் ஒருவர் எங்கள் கொங்குநாட்டிலேயே காங்கேயம் பக்கத்துக்காரர். எண்ணெய் மில் வைத்திருக்கிறார், விவசாயிகள் சார்பில் குழுவில் இருக்கிறார். மற்றவர்கள் வெளியூர்க்காரர்கள், தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இவருக்குமா தெரியாது? நான் விமானம் ஏறுவதற்கு முன்னால் தங்கையும் நானும் கோவையில் அவர் வீட்டுக்குப் போனோம்.

மரியாதையாக உட்கார வைத்தார். காப்பி வந்தது. தங்கை டம்ளரைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அவர் டம்ளரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"கூட்டத்துல நீங்களும்தானுங்க இருந்தீங்க" என்றாள் தங்கை. "பன்னண்டு ஊட்டுக்காரங்க கை நனைக்கலை. பாத்தீங்களா இல்லீங்களா?"

"பாத்தனுங்க அம்மணி."

"அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாம என்னுங்க? எங்கூர்லயும் அப்படித்தானுங்களே."

"அப்பறம் ஏனுங்க ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஆராச்சும் எந்திரிச்சு ஒரு வார்த்தை பேசியிருந்தா எழுதியிருப்பனுங்க. சாப்பிடலைங்கறதை எப்படிங்க எழுதறது? எழுதறதுக்கு ஒரு பேச்சு வேணுமில்லீங்களா? கோவிச்சுக்காதீங்க அம்மணி. காப்பி ஆறுது பாருங்க."

அவர் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எவ்வளவு இனிமையாகச் சொன்னார்! ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'. எங்கள் கொங்குப் பேச்சின் மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்கள். அந்த மரியாதையை வைத்துத்தான் எங்கள் கிணற்றைக் கெடுத்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள், சந்தகை போட்டார்கள், 'பேசுங்க அம்மணி' என்றார்கள், பேசவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பேச மாட்டோம் என்று தெரிந்தேதான் சாப்பாடு போடுகிறார்கள். சாப்பிட்டவன் மரியாதைக்குப் பேச மாட்டான். சாப்பிடாதவன் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இரண்டு பக்கமும் அவர்களுக்கே லாபம்.

கருத்துக் கேட்க வந்தவர்கள் பள்ளத்துக்கு ஐந்து நிமிஷம் நடந்து போய்ப் பார்க்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. மூக்கு என்று ஒன்று அவர்களுக்கும் இருக்கிறதுதானே? அதில் சந்தகை வாசம் மட்டும்தான் ஏறியதா?

5

கேக் தின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்றே தங்கைக்குப் போன் செய்தேன். அங்கே விடிந்து, அவள் பால் கறந்து முடித்திருந்தாள். மாடு அப்போது மூன்றாகிவிட்டிருந்தது. லாரிகள் இப்போது அனுமதியோடு பகலிலேயே வந்தன.

நடந்ததைச் சொன்னேன்.

"தின்னுபோட்டா திட்டுனா?" என்றாள்.

"ஆமாங்கறேன். ரெண்டு துண்டு."

"வெக்கமா இல்லையாமா அவளுக்கு?"

"இல்லவே இல்லை. மிச்சத்தையும் பொட்டணம் கட்டி வாங்கிட்டுப் போனா."

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். பிறகு அவள் பக்கம் பால் கேனை மூடும் சத்தம் கேட்டது. 

"ஏக்கா, அந்தப் பொம்பளை பேசுனதை எழுதிக்கிட்டாங்களா?"

"வரி விடாம எழுதிக்கிட்டாங்க."

"உப்பை எடுத்துட்டாங்களா?"

"இல்லை. உப்பு அங்கயேதான் கெடக்குது."

"ஆனா எழுதிக்கிட்டாங்க" என்றாள் தங்கை.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகும்போது பேருந்திலிருந்து அந்த உப்பு மலையைத் தினமும் பார்க்கிறேன். மேலே தார்ப்பாய்கூடப் போடவில்லை. இங்கே நன்றாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள், அங்கே கேட்காமலே சும்மா இருக்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஆத்திரம்தான்.

6

மையத்தைப் பெரிதாக்க அண்ணன் மறுபடி அனுமதி கேட்டார். அதே குழு, அதே மண்டபம். தட்டோடு அழைக்க வந்தவர், "இந்தத் தடவையாச்சும் சாப்பிடோணும் அம்மணி. போன தடவை உன்ர நங்கை மூணு நாள் அழுதா" என்றாராம்.

"வாரனுங்க அண்ணா, கண்டிப்பாச் சாப்பிடறனுங்க" என்றிருக்கிறாள் தங்கை.

சுப்பிரமணி போனில் படம் பிடித்து அனுப்பியதால் நடந்ததை நான் முழுதாகப் பார்த்தேன். தங்கை முதல் பந்தியிலேயே உட்காருகிறாள். ஊர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ராமாத்தாக்காவின் குரல் கேட்கிறது: "என்னடி, வெலை போயிட்டயா?" தங்கை நிமிரவில்லை. இட்லி தின்கிறாள், சந்தகை தின்கிறாள். அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக, தன் கையாலேயே கேசரி வைக்கிறார். "இன்னொரு கரண்டி வைங்கண்ணா" என்கிறாள். அதையும் தின்று முடிக்கிறாள். கை கழுவுகிறாள். துடைக்காமல் அப்படியே நடந்து போய் மைக்கைப் பிடிக்கிறாள்.

"அண்ணன் ஊட்டு டிபன் நெம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று ஆரம்பித்தாள். மண்டபம் சிரித்தது. "ஆனா அண்ணன் காட்டுல கொட்டற பீத்தண்ணி எங்க கெணத்துல எறங்குதுங்க. மாடு குடிக்க மாட்டேங்குது. மூணு மாட்டை வித்துப்போட்டேன். இந்த மையம் எங்களுக்கு வேண்டாமுங்க."

மண்டபத்தில் கூச்சல் எழுந்தது. யாரும் பீத்தண்ணீரைப் பற்றிக் கத்தவில்லை. "சாப்பிட்ட கை காயலை, இப்படிப் பேசறயே அம்மணி!" என்று ஒரு பெரியவர் கத்தினார். "த்தூ" என்று யாரோ துப்பினார்கள். அண்ணன் கையில் கேசரிக் கரண்டியோடு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. சின்ன வயதில் எங்களை மாட்டு வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கூட்டிப்போனவர்.

 தங்கை மைக்கை விடவில்லை. "போன தடவை பன்னண்டு ஊட்டுக்காரங்க சாப்பிடாமச் சொன்னமுங்க. ஆராச்சும் கேட்டீங்களா? அதுதான் இன்னைக்குச் சாப்பிட்டுப்போட்டுச் சொல்றேன்." மேடையில் காங்கேயத்துக்காரர் இருந்த பக்கம் திரும்பினாள். "எழுதறதுக்கு ஒரு பேச்சு வேணும்னு சொன்னீங்கல்ல? எழுதிக்குங்க."

அவர் குனிந்து எழுதினார். எழுதுவது படத்தில் நன்றாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. ராமாத்தாக்கா எழுந்தாள். மைக்குக்குப் போகவில்லை. பந்திக்குப் போனாள். இலை போட்டு உட்கார்ந்து, "வைங்கப்பா" என்றாள். அவள் பின்னாலேயே பள்ளத்து ஓரத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சோறு இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அண்ணன் தலையை மட்டும் அசைத்தார். வைத்தார்கள். சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராகக் கை கழுவிவிட்டு மைக்குக்கு வந்தார்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு பேச்சு. ராமாத்தாக்கா ஏப்பம் விட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள்.

ஹரிணியும் என் தோள் மேல் சாய்ந்து அதைப் பார்த்தாள். "இப்பப் புரியுதா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா அந்தத் தாத்தா கத்தறாரு? சித்தி சொன்னதெல்லாம் நெஜம்தானே?" என்றாள். 

இந்த முறை அறிக்கையில் ஆட்சேபணை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். மையத்தைப் பெரிதாக்குவது தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பழைய அனுமதி அப்படியேதான் இருக்கிறது, லாரியும் அப்படியேதான் வருகிறது. அது ஆலோசனைக் குழுதானாம், உத்தரவு போடுகிற அதிகாரம் அதற்கு இல்லையாம். அனுமதி கொடுக்கச் சொல்லும்போது மட்டும் அந்த ஆலோசனைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது?

போன மாதம் துரைசாமி அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எனக்கு வாட்ஸப்பில் பத்திரிகை வந்தது. அங்கே ஊர் முழுக்க வீடு வீடாகத் தட்டு போயிருக்கிறது. தங்கை வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. மேளச் சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்டதாம். பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணத்தன்று அவள் மாட்டுக்கு விலைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வருத்தமாடி?" என்று கேட்டேன்.

"பின்ன இல்லையாக்கா?" என்றாள். "அந்த ஊட்டுல நான் கை நனைச்சது அன்னைக்கோட கடைசி." கொஞ்சம் நிறுத்தினாள். "கேசரியில முந்திரி நெம்பப் போட்டிருந்தாங்கக்கா."